விட்ட நீரும் பிடித்த நீரும்

சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் காங்கேயம் பஸ் வந்து நின்றபோது அக்கா கடைசி ஆளாக இறங்கினாள். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் வெள்ளை பிளாஸ்டிக் கேன். கேனின் கழுத்து மட்டும் வெளியே தெரிந்தது. மூடியைச் சுற்றிப் பழைய சேலைத் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

நடத்துநர் படியில் குனிந்து நின்று கேட்டார்: "ஏனுங்கம்மா, கடைசி வரைக்கும் வெலை சொல்லாமயே எறங்கிப்போட்டீங்க?"

"விக்கறதுக்கில்லைன்னு அப்பவே சொன்னனுங்களே" என்றாள் அக்கா. நடையின் வேகத்தைக் குறைக்கவில்லை.

நடந்ததை நிழலில் நின்று சொன்னாள். காங்கேயத்தில் ஒருவர் கேனோடு பஸ் ஏறினால் அதில் தேங்காய் எண்ணெய் இருக்கிறது என்று பொருள். வேறு எதையும் யாரும் நினைக்க மாட்டார்கள். பல்லடம் வருவதற்குள் பக்கத்து இருக்கை அம்மா விசாரித்துவிட்டார்.

"செக்குல ஆட்டுனதா, மில்லுதான்னு கேட்டாங்க. மில்லுதுன்னு சொல்லிப்போட்டேன். வேறென்ன சொல்றது? லிட்டரு என்ன வெலைன்னாங்க. வெலைக்கில்லீங்க, என்ர தம்பிக்குன்னேன்."

"அப்புறம்?"

"மோந்து பாக்கறேன்னு கையை நீட்டிப்போட்டாங்க கண்ணு. கேன மடியில வெச்சுக் கட்டிப் புடிச்சுட்டேன். சூலூர் வரைக்கும் என்னைக் கருமின்னு நெனச்சுட்டே வந்திருப்பாங்க."

நான் சிரித்தேன். சிரித்தால் மூச்சு வாங்கும் காலம் அது. அருகிலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

கேனில் இருந்தது அக்காவின் ஒரு பகல் ஒரு இரவுச் சிறுநீர்.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்கு நான்கு வரி. அப்போது நான் ஒரு நாளிதழின் கோவைப் பதிப்பில் துணை ஆசிரியர். என் இரண்டு சிறுநீரகங்களும் ஓய்ந்துவிட்டன. வாரத்தில் பாதி நாள் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கிடந்தேன். மனைவிக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் அவள் கொடுக்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். காங்கேயத்துக்குப் பக்கத்தில் தேங்காய்ப் பருப்பு உலர்த்தும் களத்தில் வேலை பார்த்த என் அக்கா ருக்குமணி, கேட்பதற்கு முன்பே, "என்ரதுல ஒண்ண எடுத்துக்கச் சொல்லு" என்று சொல்லியிருந்தாள்.

ரத்த வகை பொருந்தியது. மற்றவையும் பொருந்தின. மீதி இருந்தது இந்த ஒரு சோதனை. அவளுடைய சிறுநீரில் ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வெளியேறுகிறது? நல்ல சிறுநீரகம் புரதத்தை உடம்புக்குள்ளேயே நிறுத்திக்கொள்ளும். ஒழுகவிட்டால் அந்தச் சிறுநீரகத்தை எடுப்பது எனக்கும் நல்லதல்ல, அவளுக்கும் நல்லதல்ல.

கேனைக் கொடுத்த பெண்

மருத்துவமனையின் ஆய்வகம் ஒரு நீண்ட நடைவழியின் கடைசியில் இருந்தது. ஸ்பிரிட் வாசனை, ஈரத் துடைப்பத்தின் வாசனை, பக்கத்துக் கேன்டீனில் இருந்து வரும் சாம்பார் வாசனை மூன்றும் அங்கே கலக்கும். இப்போது அந்த இடத்தில் கண்ணாடிக் கதவும் வரிசை எண் காட்டும் பலகையும் இருக்கின்றன. எனக்கு நினைவில் இருப்பது பழைய எஃகு மேசையும் அதன் பின்னால் ஜெயராணியும்தான்.

ஜெயராணி ஆய்வக நுட்பர். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகிக் கோவைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஊர்ப் பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும் 'ங்க' அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. "நாய விரட்டுனாக்கூட 'போங்க'ன்னுதான் சொல்லுவீங்க போல" என்று அக்காவைச் சீண்டினாள்.

"கடிக்காத நாயா இருந்தா சொல்லுவமுங்க" என்றாள் அக்கா.

அக்காவிடம் காலிக் கேனைக் கொடுத்தபோது ஜெயராணி நிதானமாகச் சொன்னது இது. நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"காலைல எந்திரிச்ச உடனே மொதல்ல போறத விட்டுருங்க. அதுக்கப்புறம் போறதெல்லாம் கேன்ல பிடிங்க. ராத்திரி போறதையும் விடக்கூடாது. மறுநாள் காலைல எந்திரிச்சதும் போறதையும் சேத்துக் கொண்டாங்க. வெளங்குதா?"

"வெளங்குதுங்க" என்றாள் அக்கா.

எனக்கும் விளங்கியது. இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

சாக்கில் எழுதிய புரதம்

புரதத்தை அளப்பது பற்றி எனக்கு அதற்கு முன்பே ஒரு பழைய பரிச்சயம் உண்டு. அதைச் சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறேன்.

நான் நிருபராகச் சேர்ந்த புதிதில் காங்கேயம் வட்டாரத்தில் ஒரு ஊரில் மாடுகள் அடுத்தடுத்து வயிறு உப்பி விழுந்தன. எல்லா வீட்டிலும் ஒரே கடையில் வாங்கிய தீவனம். சாக்கின் மேல் புரத அளவு பெரிதாக அச்சிட்டிருந்தது. தீவனக்காரர் ஆய்வக அறிக்கையையே எடுத்து நீட்டினார். அறிக்கை பொய்யில்லை. சாக்கில் இருந்த எண்ணும் அறிக்கையில் இருந்த எண்ணும் ஒன்றுதான்.

கோவையில் ஓர் ஆய்வக அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதை அன்றைக்கு நம்ப முடியவில்லை. தீவனத்தில் புரதத்தை யாரும் நேராக அளப்பதில்லையாம். அமிலத்தில் போட்டுக் கொதிக்கவைத்து அதிலிருக்கும் நைட்ரஜனைப் பிரித்து அளப்பார்கள். அந்த எண்ணை ஆறேகாலால் பெருக்குவார்கள். வருவதுதான் புரதம்.

"எதுக்குங்க ஆறேகால்?"

"புரதத்துல நைட்ரஜன் சராசரியா அந்தக் கணக்குல இருக்கு."

"நைட்ரஜன் வேற எதுலயும் இருக்காதுங்களா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "யூரியாவுல இருக்கு" என்றார்.

வயலுக்குப் போடும் அந்த உரத்தைத் தீவனத்தில் கொஞ்சம் கலந்தால் போதும். கருவி அதையும் பிண்ணாக்கையும் ஒன்றாகவே எண்ணும். பெருக்கினால் சாக்கின் மேல் நல்ல எண் வரும். கருவி பொய் சொல்லவில்லை. நைட்ரஜன் எவ்வளவு என்று கேட்டார்கள், சரியாகச் சொன்னது. அதைப் புரதம் என்று படித்தது மனிதர்கள்.

இரண்டு மாடுகளை இழந்த ஒருவர் என்னிடம் சொன்னதைத்தான் செய்தியின் முதல் வரியாக வைத்தேன். "சாக்குல எழுதியிருக்கற புரோட்டீனு மாட்டுக்குத் தெரியலீங்க."

பல வருஷம் கழித்து, எஃகு மேசையின் மேல் அக்காவின் கேனை வைத்துவிட்டு நின்றபோது அந்த மனிதரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

தாட்டியமான ஓர் அம்மா

முடிவு வந்தது. புரதம், கொடையாளிக்கு அனுமதிக்கும் வரம்பைக் கொஞ்சம் தாண்டியிருந்தது.

சிறுநீரக மருத்துவர் கனிவானவர், சுற்றி வளைக்காதவர். "கொஞ்சம்தான் கூட. ஆனா இது வந்தா நாங்க எடுக்க மாட்டோம்" என்றார்.

அக்கா நடைவழிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். சேலையில் எப்போதும் இருக்கும் காய்ந்த தேங்காயின் வாசனை அன்றைக்குத் தூக்கலாக இருந்ததாக எனக்குத் தோன்றியது. காலையில் களத்தில் அரை நாள் வேலை முடித்துவிட்டு வந்திருந்தாள்.

"இத்தன வருசமா ஒரு நாளு படுத்ததில்ல நானு" என்றாள். "எனக்குப் போயி ஒடம்புல ஒழுகுதுன்னு சொல்லிப்போட்டாங்க பாரு."

அவளுக்கு வலித்தது நோய் இருக்கிறதோ என்ற பயம் அல்ல. கொடுக்கிறேன் என்று வாயால் சொன்ன பொருள் சொத்தை என்று கடைக்காரன் திருப்பிக் கொடுத்தது போன்ற அவமானம்.

ஆனால் ஜெயராணி அதை அப்படியே விடவில்லை. அறிக்கையோடு மருத்துவரின் அறைக்கே போனாள். சிறுநீரில் கிரியாட்டினின் என்று ஒரு கழிவு உண்டு. அது தசையில் இருந்து வருவது. ஒருவருக்கு நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வெளியேறும். ஆகவே கேனில் இருப்பது முழு நாள் நீரா, குறைவா, கூடுதலா என்று பார்க்க அதையும் அளப்பார்கள்.

"இந்தக் கிரியாட்டினின் வரணும்னா இந்தம்மா நல்ல தாட்டியமா இருக்கணும் சார். பாத்தா அப்படியா இருக்காங்க? கேன்ல ஒரு நாளுக்கு மேல இருக்கு" என்றாள்.

மருத்துவர் அக்காவைப் பார்த்தார். தேங்காய்ப் பருப்பைக் கிளறிக் கிளறி வற்றிய உடம்பு. மறுபடி எடுக்கச் சொன்னார். வெயிலில் உடம்பை வருத்தி வேலை செய்தாலும் அன்றைக்குப் புரதம் சற்றே கூடும், ஆகவே களத்துக்குப் போகக்கூடாது என்றும் சொன்னார்.

"நேரம் மாறிடுச்சாம்மா? ரெண்டு நாள் பிடிச்சிட்டீங்களா?" என்று ஜெயராணி கேட்டாள்.

"நீங்க சொன்னபடிதானுங்க செஞ்சேன். ஒண்ணு கூட மாத்துல."

பிழை எங்கே நுழைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பத்திரிகையிலும் அப்படித்தான். கையெழுத்துப் பிரதி சரியாக இருக்கும், அச்சுக் கோத்தவர் சரியாகச் செய்திருப்பார், மெய்ப்புப் பார்த்தவர் பார்த்திருப்பார். காலையில் பேப்பரைப் பிரித்தால் இறந்தவருக்கு வாழ்த்து வந்திருக்கும்.

"குடிக்கலீங்க"

இரண்டாவது கேன் கழுத்து வரை நிரம்பி வந்தது. அக்காவின் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "இந்தத் தடவ பஸ்ல யாரும் வெலை கேக்குல. நெறத்தப் பாத்துட்டு, கலப்பட எண்ணென்னு நெனச்சுப்போட்டாங்க போல" என்றாள். அந்த வாக்கியத்தை அவள் சொன்ன விதத்தில் என்னவோ இருந்தது. அப்போது நான் கவனிக்கவில்லை.

சிறுநீரில் புரதம் இருந்தால் ஒரு சிவப்புச் சாயம் ஊதாவுக்கு மாறும். எவ்வளவு மாறுகிறது என்று கருவி பார்த்து எண் சொல்லும். அன்றைக்கு மாறவே இல்லை என்று சொல்லலாம். கருவி படிக்கக்கூடிய கடைசிக் கோட்டுக்கும் கீழே இருந்தது.

"ஒண்ணுமே இல்லியாமா" என்றாள் அக்கா. முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான் சொன்னனே."

ஜெயராணி மலரவில்லை. "இவ்வளவு கீழ போனா கருவி சொல்லுதத நம்ப முடியாதும்மா. அது இல்லன்னு சொல்லல, எனக்குத் தெரியலன்னு சொல்லுது" என்றாள். பிறகு கேனைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். "ரொம்பத் தண்ணி குடிச்சீங்களோ?"

அக்காவுக்குப் பொய் வராது. பஸ்ஸில் எண்ணெய் என்று சொன்னதே அவளுக்கு ஒரு வாரம் உறுத்தியது.

"குடிக்கலீங்க" என்றாள். "உட்டேன்."

"என்னது, விட்டீங்களா? எத விட்டீங்க?"

"தண்ணிதானுங்க. ஒரு சொம்பு."

"தண்ணிய ஏன் விட்டீங்க? தாகத்துக்குக் குடிச்சாத் தப்பில்லையே."

"அதில்லீங்கம்மிணி. கேன்ல உட்டேன்."

நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். ஜெயராணி பேனாவை மேசையில் வைத்தாள். எங்கள் பக்கத்தில் பந்தியில் பரிமாறுகிறவர் "ரசம் உடட்டுங்களா?" என்று கேட்பார். வாணலியில் எண்ணெய் உடுவோம், சோற்றுக்கு மோர் உடுவோம். அவளுடைய ஊரில் அதெல்லாம் ஊற்றுவது. விடுவது என்றால் அங்கே விட்டுவிடுவதுதான்.

"உடுறதுன்னா... ஊத்துறதா?" என்றாள் ஜெயராணி மெதுவாக.

"ஆமாங்க."

"அப்ப மொத கேன்ல, காலைல எந்திரிச்சதும் போறத விட்டுருங்கன்னு நான் சொன்னேனே?"

"சொன்னீங்க. உட்டனுங்களே."

"எங்க?"

"கேன்லதானுங்க. வேறெங்க உடச் சொன்னீங்க?"

முதல் நாள் விடியும்வரை உடம்பில் சேர்ந்த நீரும் கேனுக்குள் போயிருக்கிறது. அடுத்த நாள் காலை நீரும் போயிருக்கிறது. ஒரு நாள் சோதனையில் இரண்டு காலை. கூடுதலாக வந்த புரதம், கூடுதலாக வந்த கிரியாட்டினின், எல்லாம் அந்த ஒரு வினைச்சொல்லின் வழியாக உள்ளே வந்தவை. வார்த்தைகளைத் திருத்தியே சம்பளம் வாங்கும் நான் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தேன். நகரத்துக்கு வந்து வருஷக்கணக்கில் அச்சுத் தமிழோடு புழங்கியதில், ஜெயராணிக்குக் கேட்டது போலவே எனக்கும் கேட்டிருக்கிறது.

ஜெயராணி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "சரி, அது என் தப்பு. இந்தச் சொம்புத் தண்ணி?" என்று கேட்டாள்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாலு அளக்கற எடத்துல தண்ணி சேந்தா அளவு எறங்கும்ல. இதுலயும் எறங்கும்னு நெனச்சுப்போட்டேன்." உடனே தலையை நிமிர்த்தி, "சாமி சத்தியமா பாலுக்குக்கூட ஒரு சொட்டு உட்டதில்லீங்க நானு" என்றாள்.

சொசைட்டிக்கு வருஷக்கணக்கில் பால் ஊற்றியவள் அக்கா. பாலில் தண்ணீர் கலந்தவர்கள் நன்றாக வாழ்வதைப் பார்த்துக்கொண்டே கலக்காமல் ஊற்றியவள். அவள் வாழ்க்கையில் செய்த ஒரே கலப்படம் எனக்காக.

"எம்மா, சர்க்கரத் தண்ணில இன்னொரு டம்ளர் தண்ணி ஊத்துனா இனிப்புக் கொறையும். சர்க்கர கொறையுமா?" என்று கேட்டாள் ஜெயராணி.

"கொறையாதுங்க."

"நாங்க இனிப்பையும் பாப்போம், மொத்தத் தண்ணியையும் அளப்போம். ரெண்டையும் பெருக்குனா உள்ள இருக்க சர்க்கர வந்துரும். நீங்க ஒரு கொடம் ஊத்துனாலும் மொத்தம் மாறாது. கருவிக்குத்தான் படிக்க முடியாமப் போவும்."

அக்கா யோசித்தாள். "அப்ப அந்தச் சொம்புத் தண்ணி தெண்டமுங்களா?"

"தெண்டம்."

"அதையும் தூக்கிட்டு அத்தன தூரம் வந்தேன் பாருங்க" என்றாள் அக்கா.

மூன்றாவது கேன் கொடுக்கும்போது ஜெயராணி வார்த்தையை மாற்றினாள். "மொத நீரக் கக்கூஸ்ல ஊத்திருங்க. ஊத்திட்டுத் தண்ணி அடிச்சு விட்டுருங்க" என்று ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்து, "தண்ணி அடிச்சுக் கழுவிருங்க" என்றாள். அதற்குப் பிறகு அந்த மேசையில் யாரிடமும் அவள் 'விட்டுருங்க' என்று சொல்லிக் கேட்டதில்லை.

குளிர்பெட்டியில் இருந்த முட்டை

மருத்துவர் இந்த முறை கண்டிப்பாகச் சொன்னார். இதுதான் கடைசி. இதிலும் குழப்பம் வந்தால் அக்காவை விட்டுவிட்டு, யாரோ ஒருவரின் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் வரிசையில் என் பெயரை எழுதிவிடலாம். அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று நான் கேட்கவில்லை. அதைப் பற்றிச் செய்தி போட்டவன் என்பதால் தெரியும்.

அக்காவை உக்கடத்தில் எங்கள் வீட்டிலேயே தங்கவைத்தோம். மாடியில் இருந்து பார்த்தால் பெரிய குளம் தெரியும். சாயங்காலம் குளத்துக் காற்று வரும். வேலை இல்லாமல் உட்கார அவளுக்குத் தெரியவில்லை. என் மனைவி வெங்காயம் உரிக்க விடவில்லை; ஆகவே உரித்த வெங்காயத்தைப் பெரிது சிறிதாகப் பிரித்துவைத்தாள்.

அந்தச் சாயங்காலத்தைப் பற்றி எழுதத்தான் இத்தனை வரிகள்.

கேன் குளியலறை மூலையில் இருந்தது. நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். சுத்திகரிப்பு செய்துகொள்கிறவர்களுக்குப் புரத இழப்பு அதிகம் என்பதால் தினம் முட்டையின் வெள்ளைக்கரு தின்னச் சொல்லியிருந்தார்கள். குளிர்பெட்டியில் எப்போதும் முட்டை இருக்கும். வெள்ளைக்கருவில் தண்ணீரைத் தவிர்த்தால் மீதி பெரும்பாலும் புரதம்தான். அதில் அரைக் கரண்டி கேனுக்குள் போனால் போதும். சாயம் ஊதாவாகும். அக்கா காங்கேயத்துக்கே திரும்பிப் போய்விடுவாள், வயிற்றில் ஒரு தழும்பு இல்லாமல்.

இத்தனை வாரமும் முடிவு நல்லதாக வர வேண்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொண்டிருந்தபோது நான் இதைத்தான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். முதல் முடிவு கெட்டதாக வந்தபோது எனக்குள் ஒரு மூச்சு இறங்கியது. அவளைக் கத்தியின் கீழ் படுக்கவைத்துப் பெறுவதை எப்படி வாழ்ந்து கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

குளிர்பெட்டியைத் திறந்து நின்றேன். வெளிச்சம் முகத்தில் விழுந்தது.

"என்ன ரோசனை?" என்றாள் அக்கா, பின்னால் இருந்து.

"ஒண்ணுமில்லக்கா. முட்டை வேக வெக்கலாம்னு."

"மத்தியானந்தான தின்ன?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குளிர்பெட்டியைப் பார்த்தாள். எதில் எது சேர்ந்தால் என்ன காட்டும் என்பது இதற்குள் அவளுக்கும் கொஞ்சம் பழகியிருந்தது.

"கலப்படம் பண்ணறவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்கு இப்பத் தெரியும் கண்ணு. போன வாரந்தான் கண்ணாடில பாத்தேன்" என்றாள்.

"அக்கா, உனக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?"

"எனக்கு ரெண்டு இருக்குது. ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும். உனக்கு ரெண்டும் போச்சு. இதுல பேப்பர்ல எழுதற அளவுக்கு என்ன இருக்குது?"

"பயமா இருக்குதுக்கா."

"எனக்கும்தான். அதுக்காவ?"

அவள் போய்க் கேனை எடுத்துவந்தாள். நடு ஹாலில் தான் படுக்கும் பாயின் தலைமாட்டில் வைத்தாள். அதன் மேல் தன் துண்டைப் போட்டாள். "நாளைக்குக் காலைல வரைக்கும் நீ இந்தப் பக்கம் வாராத. உன்ர கண்ணே செரியில்ல" என்றாள்.

என் மனைவி ஒன்றும் புரியாமல், "அதை எதுக்குங்க அண்ணி நடு ஊட்டுல வெக்கறீங்க?" என்று கேட்டாள்.

"உன்ர ஊட்டுக்காரன்கிட்டக் கேளு" என்றாள் அக்கா.

நான் குளிர்பெட்டியை மூடினேன். அவள் வராமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். செய்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். எண்ணில் கைவைக்க எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கதவை ஏன் அவ்வளவு நேரம் திறந்துவைத்திருந்தேன் என்பதற்கு அந்தப் பதில் போதாது.

எல்லோருக்கும் இருக்கிற அளவு

மூன்றாவது முடிவுக்கு நாங்கள் இருவரும் போய் நின்றோம். ஜெயராணி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் கிரியாட்டினினைப் பார்த்தாள். "இது நம்ம ருக்குமணியம்மாதான். தாட்டியமான அம்மா போயிட்டாங்க" என்றாள்.

"அது கெடக்குதுங்க. மத்தது இருக்குதா இல்லையா?"

"இருக்கு" என்றாள் ஜெயராணி.

அக்காவின் கை என் முழங்கையைப் பிடித்தது.

"எல்லாருக்கும் இருக்கும்மா. எனக்கும் இருக்கு, டாக்டருக்கும் இருக்கு. கொஞ்சம் போகத்தான் செய்யும். எல்லாருக்கும் இருக்கிற அளவுதான் உங்களுக்கும் இருக்கு. அதுக்குள்ளதான் வருது."

அக்கா என் முழங்கையை விட்டாள். "சுத்தமா இல்லாம இருக்கறதுதான் நல்லதுன்னு நெனச்சனுங்க" என்றாள்.

"அப்படி யாருமே இல்லம்மா."

மருத்துவர் அறிக்கையைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு ஏமாற்றம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வேறு. மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மருத்துவர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நான் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதை அவரே மறந்துவிட்டார்.

அந்த வாரங்கள் இப்போது பயமாக நினைவில் இல்லை. சிங்காநல்லூரில் பஸ் வந்து நிற்கும் புழுதி, நடைவழியின் சாம்பார் வாசனை, எஃகு மேசைக்கு இருபுறமும் இரண்டு ஊர்த் தமிழ். அவ்வளவு தொடர்ச்சியாக அக்காவோடு நான் இருந்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

ஒரு கேள்வி

அறுவைக்கு முன் ஒரு குழு கொடையாளியை நேரில் விசாரிக்கும். காசுக்காகவோ கட்டாயத்தாலோ யாரும் உறுப்பைக் கொடுத்துவிடக்கூடாது என்பதற்காக. நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். முன்னால் அக்கா. எங்கள் மாமா, அக்காவின் கணவர், அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். அவரிடம் சம்மதமா என்று கேட்டதற்கு, "அவ முடிவு பண்ணிப்போட்டாளுங்க" என்று ஒரே வரியில் முடித்தார். நான் வலப்பக்கம்.

நடுவில் இருந்தவர் அக்காவிடம் கேட்டார். "அம்மா, இந்த அறுவையில உங்க உயிருக்கும் ஆபத்து வரலாம்னு சொல்லியிருக்காங்களா?"

"சொல்லியிருக்காங்க."

"நீங்களா விரும்பித்தான் தர்றீங்களா?"

"ஆமாங்க."

"இந்த விஷயத்துல உங்களை யாராவது வற்புறுத்தினாங்களா? பயப்படாம சொல்லலாம்."

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த மூவரும் நிமிர்ந்தார்கள். மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார். பேனா தாளைத் தொட்டபடி நின்றது.

"வற்புறுத்துனாங்க" என்றாள்.

"யாரு?"

"இவந்தானுங்க" என்று என்னைக் காட்டினாள். "வேண்டாம் வேண்டாம்னு."